பாராட்டக் கூடாத பெட்டி

செப்டம்பர் 3, புதன்

அப்பாவின் நூற்றெட்டுத் துண்டு ஸ்பானர் பெட்டி இன்று தன் குணத்தைக் காட்டிவிட்டது. காரில் தண்ணீர் பம்ப் ஒழுகுகிறது. கழற்ற நான்கு போல்ட். முதல் போல்ட்டிலேயே தலையைக் கவ்வ வேண்டிய சாக்கெட் வழுக்கி, போல்ட்டின் தலை உருண்டையாகிவிட்டது.

"போல்ட்டு சரியில்ல" என்றார் அப்பா.

சாக்கெட்டின் உள்ளே பார்த்தேன். பன்னிரண்டு மூலை, பன்னிரண்டும் வழவழ. சொல்லவில்லை. நான் எதைத்தான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன்?

பதினான்காம் தேதி காலை ஏழரைக்கு மஃப்ரக் பள்ளி ஆய்வகத்தில் வேலையில் சேர வேண்டும். எங்கள் ஊர் ஸர்காவிலிருந்து போகிற பஸ், ஆள் நிரம்பினால்தான் நகரும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி முதல் நாளே தாமதமாகப் போய் நிற்பதா?

செப்டம்பர் 4, வியாழன்

நானே போய்ப் புது சாக்கெட் செட்டு வாங்கினேன். ஒவ்வொரு சாக்கெட்டையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன்.

"கல்யாண நகை பாக்கிற மாதிரி பாக்கிறியே மகளே" என்றார் கடைக்காரர்.

காது சுட்டது. ஆனாலும் பார்த்தேன். வழுக்காத ஆறு மூலை, கனமான எஃகு, நீலப் பெட்டியில் மொத்தம் ஒன்பது.

"நூத்தெட்டு எங்க, ஒம்பது எங்க?" — அப்பா.

செப்டம்பர் 5, வெள்ளி

ஐயோ. எழுதவே கை வரவில்லை.

பக்கத்து வீட்டு அபூ ஹாஸிம் காபிக்கு வந்தார். நீலப் பெட்டியைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், என்ன அழகான செட்டு!"

"உங்களுக்குத்தான், எடுத்துக்குங்க" என்றார் அப்பா. யாராவது ஒரு பொருளைப் பாராட்டினால் எல்லாரும் சொல்வதுதான். "ஐயய்யோ, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்பது பதில், எல்லாருக்கும் தெரியும். அத்தோடு நிறுத்தினாரா? கை நெஞ்சில், "வல்லாஹி, எடுத்துட்டுத்தான் போகணும்!"

"சத்தியம் பண்ணிட்டீங்களே அபூ ருதைனா. அதை நான் முறிக்கலாமா?" என்றார். 'ருதைனாவின் அப்பா' என்று என் பெயரையும் சேர்த்து இழுத்துவிட்டார்.

எடுத்துக்கொண்டு போயே விட்டார்.

செப்டம்பர் 6, சனி

பெட்டி திரும்பி வரவில்லை. அப்பா மதில் பக்கம் பார்க்கிறார். நான் அப்பாவைப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

"போய்க் கேளுங்கப்பா."

"குடுத்ததைக் கேக்கிறதா? இந்தத் தெருவுல நான் இருக்க வேணாமா?"

கேட்க முடியாது. சரி. பாராட்டலாம் இல்லையா?

கண்ணாடி முன்னால் நின்று பதினோரு முறை சொல்லிப் பார்த்தேன். ஏழாவது முறை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 12, வெள்ளி

அம்மா சமைத்த மக்லூபாச் சோற்றுத் தட்டோடு மதிலுக்கு அந்தப் பக்கம் போனேன். அபூ ஹாஸிம் வாசலில் சம்பந்தி வீட்டாருக்கு என் பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பேர்! தட்டை வைத்தேன்.

"மாமா... என்ன அழகான செட்டு!"

குரல் கீச்சென்றுதான் வந்தது. ஆனால் வந்தது. எல்லாரும் திரும்பினார்கள். அவர் முகம் பார்க்கணுமே! சம்பந்திகள் முன்னால் வேறு என்ன சொல்வார்?

"உனக்குத்தாம்மா."

நான் அசையவில்லை. பெட்டியையே பார்த்தேன்.

"வல்லாஹி, எடுத்துக்கோ" என்றார், ஈனசுரத்தில்.

"சத்தியம் பண்ணிட்டீங்களே மாமா. நான் முறிக்கலாமா?"

ஒரு சம்பந்தி சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். நான் ஓடி வந்துவிட்டேன். பெட்டியோடுதான்.

செப்டம்பர் 13, சனி

மூன்று போல்ட் சட்டென்று கழன்றன. தலை உருண்ட போல்ட்டுக்கு ஓர் அளவு சின்ன சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றித் திருப்பினேன். கிர்ர்ர் — கழன்றது! அப்பா டார்ச் பிடித்தார். புது பம்ப்பை மாட்டினேன்; ஒழுகவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

காரில் ஏழு பத்துக்கே பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். காவலாளி கேட்டைத் திறந்திருக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அபூ ஹாஸிம் காபிக்கு வந்தார். சாக்கெட்டுகள் இப்போது துருப்பிடித்த அல்வா டப்பாவுக்குள் குடியிருக்கின்றன. அதன் மீது கண்ணை ஓட்டினார், பாராட்டவில்லை.

"என் பிக்கப்புக்கு ஒரு செட்டு வாங்கணும். கடைக்கு நீயும் வாயேன், எதை எடுக்கணும்னு சொல்லு" என்றார் என்னிடம். அப்பாவிடம் அல்ல. என்னிடம்.

அப்புறம் வாசலைப் பார்த்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "மாஷா அல்லாஹ்... என்ன அழகான காரு!"

அப்பாவின் கை நெஞ்சுக்குப் போனது. வாய் திறந்தது.

ஒரு பேரீச்சம்பழத்தை உள்ளே திணித்தேன்.