வெஞ்சனத்துக்குக் குறைத்த மார்க்

வியாழக்கிழமை

காலேஜில் தமிழ்ப் பேச்சுத் தேர்வு நடத்த என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். தேறினால் டிகிரிக்கு இரண்டு கிரெடிட் கிடைக்கும். இந்தி கலந்தால் சொல்லுக்கு ஒரு மார்க் குறைக்க வேண்டும்.

தாராவியிலிருந்து இசக்கி என்று ஒரு பெண் வந்தாள். வீட்டில் என்ன வேலை செய்வாய் என்று கேட்டேன்.

"காலைல நாந்தான் சோறு பொங்குவேன் சார். பெறவு வெஞ்சனம் வைப்பேன்."

கறிவகைக்கு இந்தியில் சொல்கிற 'வ்யஞ்சன்' என்பதைத்தான் இழுத்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு மார்க்கைக் குறைத்தேன். அவள் பதறிப்போய், "இல்ல சார், சப்ஜி, சப்ஜி" என்றாள். அது சுத்த இந்தி; இன்னொரு மார்க்கையும் குறைத்தேன். ஒரே ஒரு மார்க் குறைந்து ஃபெயில். மத்தியானமே லிஸ்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அந்தக் கிரெடிட் இல்லாமல் அவளுக்கு இந்த வருஷம் டிகிரி கிடையாது.

மனைவி பத்மா கல்யாண் ஊரில் மகள் வீட்டில் இருக்கிறாள். அதனால் ராத்திரி மாட்டுங்கா மெஸ்ஸில் சாப்பிட்டேன். பரிமாறுகிறவர் திருநெல்வேலிக்காரர். பீன்ஸ் கறி வாளியோடு வந்து, "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா சார்?" என்றார்.

அவரை நிறுத்திக் கேட்டேன்.

"அப்படின்னா என்னது?"

"தொட்டுக்கிடுத கறிதான் சார். எங்க ஊர்ல எல்லாரும் அப்டித்தான் சொல்லுவோம்."

காலையில் காலேஜுக்கு ஃபோன் செய்து, தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். சொல்லிவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் பெண் சொன்ன ஒரே இந்திச் சொல் சப்ஜி. அதையும் சொல்ல வைத்தது நான்தான்.