பேய்க் கதைக்குப் பின்னணி இசை

ஞாயிறு, இரவு

அலுப்பாக இருக்கிறது. பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடும் பேய் விளையாட்டுக்காக ஒரு வாரமாக இசை தேடினேன். நாய் ஊளை, வயலின், கதவு முனகல். இன்று மாலை என் அறையில் விளக்கை அணைத்துவிட்டு, ஃபோனில் ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். நண்பர்கள் மூன்று பேரும் சிரித்தார்கள். "ஏலே, சீரியல் மியூசிக்க நிறுத்துடா" என்றான் செல்வம்.

எரிச்சலில் விரல் தவறி, காலையில் ஆத்தூரிலிருந்து அப்பா அனுப்பிய குரல்பதிவைத் தட்டிவிட்டேன். அதை நான் இன்னும் கேட்டிருக்கவில்லை. பேச்சே இல்லை. எங்கள் தோட்டத்து போர்வெல் மோட்டார் தண்ணீர் இல்லாமல் காற்றை இழுக்கும் சத்தம், விட்டு விட்டு.

சிரிப்பு நின்றது. எல்லாரும் தோட்டம் வைத்துப் பயிர் செய்யும் வீட்டுப் பிள்ளைகள். "எங்க போர் வத்துனப்பவும் இப்பிடித்தாண்டா ஆரம்பிச்சுச்சு" என்றான் செல்வம். நான் பதிவை நிறுத்தினேன். அதன்பின் யாரும் பகடையைத் தொடவில்லை.

அவர்கள் போனபின் மிச்சத்தைக் கேட்டேன். கடைசியில் அப்பா பேசியிருக்கிறார்: "கேட்டியா அப்பு? இது என்ன சத்தம்னு சொல்லு."

அவருக்குத் தெரியாத சத்தமா? தண்ணீர் வற்றவில்லை, வேறு ஏதோ கோளாறு என்று நான் சொல்ல வேண்டும், அவருக்கு அவ்வளவுதான். இன்னும் பதில் போடவில்லை.