கடலிலிருந்து நீ வந்த மாலை

இன்று ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் என் பழைய காரின் பின்சீட்டைக் கழற்றினார்கள். ஏசி தண்ணீர் எங்கோ கசிந்து உள்ளே தேங்குகிறது என்று கொண்டுபோயிருந்தேன். சீட்டைத் தூக்கியதும் உப்பும் ஈரத்துணியும் கலந்த ஒரு வாடை எழுந்தது. அடியில் ஒரு கை நிறைய மணல். மெக்கானிக் பெஷாவர்க்காரர். விரலால் கிளறிப் பார்த்துவிட்டு, "பாய், இது இந்தப் பக்கத்து மண் இல்லையே?" என்றார். ஆமாம், இல்லை. இந்தப் பக்கத்துக் கடற்கரை மணல் வெளுப்பு. மலைக்கு அப்பால், கிழக்குக் கரையில் இருக்கும் புஜைராவின் மணல் கறுத்த பழுப்பு. மலைப்பாறை அரைபட்டு வந்த மண் அது.

துடைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். நீ போன பிறகு அந்த சீட்டை யாரும் தூக்கியதில்லை, தம்பி.

உன்னை முதலில் பார்த்தது ஒரு செய்திக்காக. கோடையில் மதிய ஓய்வு நேரத்தில் தொழிலாளர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று எழுத, புஜைரா துறைமுகத்தை அடுத்த எண்ணெய்த் தொட்டிகள் பக்கம் வந்திருந்தேன். சாரம் கட்டும் ஆட்களோடு, ஒரு பெரிய குழாயின் நிழலில் முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுப் படுத்திருந்தாய். கேமராவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாய். "சார், எடுக்கறதுன்னா ராத்திரி குளிச்சிட்டு வர்றேன், அப்ப எடுங்க. வீட்ல நான் ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கறதா நெனச்சிட்டிருக்காங்க." மற்றவர்கள் சிரித்தார்கள். பேச்சில் அரியலூர்ப் பக்கம் என்று தெரிந்தது. அடுத்த முறை பார்த்தபோது "சார்" போய் "அண்ணே" ஆகியிருந்தது.

வளைகுடாவில் ஒரு வழக்கம் உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் விளங்காது. ஜூலையில் இங்கே பள்ளிக்கூடம் மூடுவார்கள். குடும்பத்தோடு இருப்பவர்கள் வெயிலுக்கு அஞ்சி ஊருக்குப் போய்விடுவார்கள். அந்த வீடுகள் காலியாகும்போதுதான், தொழிலாளர் கேம்ப்பில் கிடக்கும் உன்னைப் போன்றவர்கள் மனைவி மக்களை விசிட் விசாவில் வரவழைப்பார்கள். ஆண்டிலேயே மோசமான மாதத்தில் கடற்கரைக்கு வரும் குடும்பங்கள் அவை. உனக்கு அப்படி ஒரு வீடு கிடைத்தது. பாலக்காட்டுக் கணக்கர் ஒருவரின் வீடு. பால்கனியில் நின்றால் கட்டடங்களுக்கு நடுவே கையகலக் கடல் தெரியும். சாவி கொடுத்தபோது அவருடைய மனைவி இரண்டு நிபந்தனை சொன்னார். துளசிக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டும். அடுப்பில் மீன், முட்டை ஏறக் கூடாது.

"கடலோரத்துல வூடு புடிச்சு மீன் கூடாதுன்னுட்டாங்களா? நல்லா புடிச்சீங்க போங்க" என்று வந்த அன்றைக்கே செல்வி சொன்னது நினைவிருக்கிறதா? உன் மனைவி அதிகம் பேசமாட்டாள். பேசினால் இப்படித்தான்.

ஆனால் அதற்கு முன்பே, விமான நிலையத்திலேயே உன் சோதனை ஆரம்பித்துவிட்டது. உன் மகள் யாழினிக்கு அப்போது ஐந்து வயது. தவழும் வயதில் நீ ஒரு லீவில் பார்த்தது. அதன் பிறகு ஒரு லீவு கம்பெனிச் சிக்கலில் போய்விட்டது. மற்றபடி தினமும் டூட்டி முடிந்து வீடியோ காலில் பேசுவாய். தாடையில் சாரக் குழாயைப் பூட்டும் கிளாம்ப் விழுந்து வெட்டுப்பட்ட தழும்பைக்கூடக் காட்டச் சொல்லி, தினம் ஒருமுறை பார்ப்பாளாம். நீ அன்று புதுச்சட்டை போட்டு, கையை விரித்து மண்டியிட்டாய். அவள் செல்வியின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

"யாரும்மா இது?"

"அப்பாடி."

"இல்ல. அப்பா போன்ல இருக்காரு."

நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். காரில் வரும்போது இரண்டு நாளில் பழகிவிடுவாள் என்று நான்தான் சொன்னேன். மலையைக் கடந்து புஜைராவுக்கு இறங்கும்வரை அவள் உன் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பழகவில்லை. அன்று மாலை வழக்கமான நேரம் வந்ததும் அப்பாவிடம் பேசவேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். நீ பார்த்தாய். சட்டென்று வாசலுக்குப் போய், லிப்டுக்குப் பக்கத்தில் நின்று செல்வியின் போனுக்கு வீடியோ கால் போட்டாய். உள்ளே அவள் முகம் மலர்ந்துவிட்டது. விமானத்தில் சாக்லேட் கொடுத்தது, காது அடைத்தது எல்லாம் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, இங்க ஒரு அங்கிள் இருக்காரு. அம்மாகூட ஒட்டி ஒட்டி உக்கார்றாரு."

"அப்புடியா? நான் வந்து திட்டவா?"

"வேணாம். பாவம். பிஸ்கட்டு குடுத்தாரு."

நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். கண் துடைத்துக்கொண்டே சிரித்தாய். அந்த ஒரு காலோடு நிறுத்தியிருந்தால் சரி. நீ நிறுத்தவில்லை. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கூடத்தில் அந்நியனாக இருந்து, மாலையில் லிப்டு வாசலில் அப்பாவாக இருந்தாய். மகள் பேசுவதை இழக்க உனக்கு மனம் வரவில்லை.

செல்விக்குப் பொறுக்கவில்லை. "போன்ல பேசறத வுடுங்க. அதுல ஒரு அப்பன் இருக்கிற வரைக்கும் இந்த அப்பன்கிட்ட எப்புடிங்க வருவா? விசா முடிஞ்சா நாங்க போயிருவோம். அப்பறம் மறுக்கா எப்ப?" என்றாள். அடுத்த விசிட்டுக்குள் அவளுக்கு எத்தனை வயதாகும் என்று உனக்குத் தெரியும். இந்தத் தடவை உன் கைக்கு வராவிட்டால் பிறகு வரமாட்டாள் என்ற பயம் உன்னைத் தின்றது. ஒரு மாலை கால் போடாமல் இருந்து பார்த்தாய். அவள் சோறு உண்ணாமல் போனைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். மறுநாள் நீ மறுபடியும் லிப்டு வாசலில்.

என் வீட்டிலும் அப்போது யாரும் இல்லை. மனைவி, எங்கள் மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தாள். அதனால் சனி, ஞாயிறுகளில் நான் காரோடு வந்துவிடுவேன். மீன் மார்க்கெட்டில் நீ பேரம் பேசி மத்தியோ நகரையோ எடுப்பாய். பக்கத்துக் கடையிலேயே மசாலா தடவிச் சுட்டுத் தருவார்கள். பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் போர்வை விரிப்போம். புஜைராவில் சூரியன் கடலில் இறங்காது. நமக்குப் பின்னால் மலையில் மறையும். கடல் சீக்கிரம் சாம்பல் நிறமாகிவிடும். ஜூலைக் கடல் வெந்நீர்தான். காற்றில் அவ்வளவு ஈரம், என் கண்ணாடி பனித்துப்போகும். இருந்தாலும் செல்வி மீனில் முள்ளெடுத்துக் கொடுக்க, நீ தள்ளி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மாலைகள் நன்றாகத்தான் இருந்தன. யாழினி அலைக்குப் பயந்து போர்வையைவிட்டு இறங்கவே மாட்டாள்.

விசா முடியும் வாரத்தில் உனக்கு ஒரு யோசனை தோன்றியது. முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நின்று அங்கிருந்து கால் போட்டாய். போர்வையில் அவள் கையில் செல்வியின் போன். திரையில் உன் முகம், பின்னால் கடல். "அப்பா எங்க நிக்கிறேன் பாரு" என்றாய். குரல் போனிலிருந்தும் வந்தது, தண்ணீர்ப் பக்கமிருந்தும் வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி நிமிர்ந்தாள். நீ கையை ஆட்டினாய். திரையிலும் கை ஆடியது.

அப்போதுதான் அந்த அலை வந்தது. நீ தடுமாறினாய். போன் கைநழுவித் தண்ணீரில் விழுந்தது. அவள் திரையில் ஒரு கலங்கல், பிறகு ஒன்றும் இல்லை.

"அம்மா, அப்பா தண்ணில வுழுந்துட்டாரு!"

எழுந்து ஓடினாள். அலைக்குப் பயந்த குழந்தை நேராகத் தண்ணீர்வரை ஓடி, உன் முன்னால் நின்று கத்தினாள். "அங்கிள், எங்கப்பா உள்ள வுழுந்துட்டாரு. எடுத்துக் குடுங்க! எடுத்துக் குடுங்க!"

வந்ததிலிருந்து அவள் உன்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. உன் முகத்தை நான் பார்த்தேன். அதை விவரிக்க இப்போதும் எனக்கு வரவில்லை. நீ மூழ்கினாய். நிஜமாகவே தேடினாய். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏறியபோது கையில் போன் இல்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அவள் முன்னால் முட்டிபோட்டாய்.

"கண்ணு, வந்துட்டேன். வெளிய வந்துட்டேன்."

அவள் உன்னையே பார்த்தாள். விரலை நீட்டித் தாடைத் தழும்பைத் தொட்டாள். தடவிப் பார்த்தாள்.

"தண்ணி குடிச்சிட்டியாப்பா?"

"கொஞ்சூண்டு" என்றாய். செல்வி போர்வையிலேயே தலையைக் குனிந்துகொண்டாள்.

வேண்டுமென்றே போனை விட்டாயா என்று வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். தொழில்புத்தி. மடியில் அவளை வைத்துக்கொண்டு பின்சீட்டில் இருந்தாய். இருவரும் நனைந்திருந்தீர்கள். "அலை அடிச்சிதுன்னு எழுதிக்கங்கண்ணே" என்றாய்.

பிறகு கிடைத்தது சில நாட்கள். லீவு கேட்டுக் கிடைக்காமல், டூட்டி முடித்து ஓடி வருவாய். அவள் லிப்டு வாசலிலேயே நின்றிருப்பாள். உன் தோளில் ஏறியே கடலுக்குப் போனாள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு அவளுடையதானது. மூன்று பேரும் கூடத்தில் பாய் விரித்துப் படுப்பீர்களாம், அவள் கால் உன் நெஞ்சின் மேல் இருக்குமாம். "வெயிட்டு ஜாஸ்திண்ணே" என்று குறை சொல்வதுபோல் என்னிடம் பெருமையடித்தாய். திரும்பிப் போகும் நாளில் உன் சட்டைப் பொத்தான் அவள் கையோடு போனது. அவளைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நீ புதுப் போன் வாங்கி ஊருக்குக் கால் போட்டாய். அவள் திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டாள். "இது அப்பா இல்ல. அப்பா வெளிய வந்துட்டாரு" என்றாளாம். செல்வி கெஞ்சினாள், அதட்டினாள். நடக்கவில்லை. தழும்பைக் காட்டினாய். "போட்டோ" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள். தினமும் அதேதான். "முன்னயாவது போன்ல இருந்தேண்ணே. இப்ப அங்கயும் இல்ல" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். "அடுத்த கோடைக்குள்ள இதெல்லாம் கலாஸ், முடிச்சுக்கறேன். ஊருக்கே போயிடறேன்." அந்த வாக்கியத்தை நான் இந்த நாட்டில் பலரிடம் கேட்டிருக்கிறேன். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

செப்டம்பரில் வெயில் குறைந்திருக்கவில்லை. டூட்டி முடித்து வந்து, சாப்பாட்டுக்கு முன் கொஞ்சம் படுக்கிறேன் என்றாயாம். ரூமில் இருந்தவர்கள் சாப்பிட எழுப்பியபோது நீ எழவில்லை. உன் பக்கத்துக் கட்டில் விழுப்புரத்துக்காரர் எனக்குப் போன் செய்தார். "சார், அவன் எழுந்திரிக்க மாட்டேங்கிறான்" என்றார். இறந்துவிட்டான் என்று சொல்லவில்லை.

இப்படிப்பட்ட சாவுகளை நான் எழுதியிருக்கிறேன். பெயர், வயது, ஊர், வேலை. நாலு வரி. சாரத்திலிருந்து விழுந்தால், தொட்டியில் தீப்பிடித்தால் நாலு வரி கிடைக்கும். தூக்கத்தில் இதயம் நின்றால் கிடைக்காது. சான்றிதழில் இயற்கை மரணம் என்று போட்டிருந்தார்கள். உன்னைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. காவல்நிலையம், மருத்துவமனை, தூதரகம் என்று அலைந்து, விமானத்தில் உன்னோடு வந்தேன். நான் மேலே, நீ கீழே.

ஊரில் உன்னைக் கண்ணாடி மூடிய குளிர்பெட்டிக்கு மாற்றினார்கள். கண்ணாடிக்கு உட்புறம் லேசாகப் பனித்திருந்தது. பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். யாழினி எப்படியோ அவர்களுக்கு நடுவே புகுந்து பெட்டியருகே வந்துவிட்டாள். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள். தெரிந்த முகத்தைத் தேடித் திரும்பியவள், என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தாள்.

"பெரியப்பா, அப்பா மறுபடியும் உள்ள போயிட்டாரு. எடுத்துக் குடுங்க."

ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

அவள் இப்போது நாலாம் வகுப்பு படிக்கிறாள், தம்பி. செல்வி ஊரிலேயே சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீடியோ கால் வரும். அவளுக்குப் புஜைரா நினைவில்லை. விமானம் நினைவில்லை. உன் தோள் நினைவில்லை. இருந்தும் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பாள்: "பெரியப்பா, அப்பா கடல்லேருந்து வந்தாருல்ல, அதச் சொல்லுங்க."

சொல்வேன். நடந்ததை நடந்தபடி. எதையும் கூட்டுவதில்லை. நடுவே கேள்வி கேட்பாள். "நான் என்ன கலர் கவுன் போட்டிருந்தேன்?" தெரியாது என்பேன். "அப்பா ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாரா?" எனக்கு ரொம்ப நேரமாகத் தோன்றியது என்பேன். "நான் அழுதேனா?" இல்லை, தண்ணி குடிச்சிட்டியாப்பா என்று கேட்டாய் என்பேன். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பாள். அதற்காகவே மறுபடி கேட்கிறாள் என்று நினைக்கிறேன்.

அதோடு நிறுத்திவிடுவேன். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி அவள் இதுவரை கேட்டதில்லை. அவளுக்கு அது மறந்துவிட்டதா, கேட்க வேண்டாம் என்று வைத்திருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இன்று ஞாயிறு. இன்னும் சற்று நேரத்தில் அழைப்பாள். கேட்டால் என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, தம்பி.