இருவருக்கும் ஒரே நாளில் லீவு

அக்கா,

கார்த்திகை பிறந்து நாலாம் நாள், இந்த வருஷத்தின் முதல் ஆந்திரா பஸ் நம் மெஸ் வாசலில் வந்து நின்றது. கதவு திறந்ததும் நெய்யும் சாம்பிராணியும் ஈர வேட்டியும் கலந்த அந்த வாடை முதலில் இறங்கியது, பிறகுதான் சாமிமார் இறங்கினார்கள். இன்னும் ரெண்டு மாசம் இந்த வாடைதான். சட்டுவத்தைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். எனக்கு அலுத்துவிட்டது அக்கா, வேறொன்றும் இல்லை.

அந்த நேரம் பார்த்து உன் மகள் மலர் போன் போட்டாள்.

"சித்தி, எங்க பள்ளிக்கூடத்துல அரையாண்டு லீவு விடுறாக. இவுகளுக்கும் லீவு கிடைச்சிருக்கு. எங்கிட்டாவது நாலு நாள் போய்ட்டு வருவோம். நீங்களும் வரணும், சாக்குச் சொல்லப்படாது. எடத்த நீங்களே சொல்லுங்க. ஊட்டியா, மைசூரா, வர்க்கலாவா?"

"என்னையக் கேட்டா? ஒம் பிள்ளைகளக் கேளு" என்றேன்.

"எங்கன்னாலும் சரிதான் சித்தி. ரொம்ப நேரம் பஸ்ஸுல உக்கார்ற மாதிரி மட்டும் வேணாம். ரூமுக்குள்ளயே பாத்ரூம் இருக்கணும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். ஒரு வாரம் ஓடிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. மலருக்கு நாற்பத்தொன்று ஆகிறது. அவள் கேட்டது பாத்ரூம் இருக்கிற ரூம். எல்லாரும் கேட்பதுதான். ஆனால் இதே கேள்வியை இதே மார்கழி லீவுக்காக நீ கேட்டபோது நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு என்ன பாடுபடுத்தியது என்று உனக்குத் தெரியும். அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாலு பேர் முன்னால் உன்னை 'நீங்க' என்பேன், அடுப்படியில் 'நீ' என்பேன். இதை அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஊருக்கெல்லாம் குளிர்கால லீவு என்றால் நமக்கு வேலை. இந்தக் கம்பம் ரோட்டில் மெஸ் வைத்திருப்பவன் வீட்டில் வாக்கப்பட்டவளுக்கு வேறென்ன கிடைக்கும். சபரிமலைக்குப் போகிற பஸ்ஸெல்லாம் குமுளி ஏறுவதற்கு முன்னால் நம் வாசலில்தான் நிற்கும். தை பிறக்கிற வரைக்கும் அடுப்பு அணையாது. நம் வீட்டுக்காரர்கள் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் மாலை போட்டுவிடுவார்கள். மாலை போட்ட வீட்டில் வீட்டுக்கு விலக்கானவள் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது, சாமிமார் கண்ணில் படக்கூடாது. மூன்று நாள் மாடி அறைதான். சோறு மேலே வந்துவிடும். கரண்டியைத் தொட வேண்டாம், வெங்காயம் உரிக்க வேண்டாம், தூங்கலாம்.

அதற்கு 'லீவு' என்று பெயர் வைத்தவள் நீதான். "ஏ புள்ள, எனக்கு லீவு விட்டாச்சு. நீ கெடந்து வேகு" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவாய். உன் முதுகைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். நீ இறங்கி வந்தால் நான் ஏறுவேன். ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருந்தும் மார்கழியில் நாம் சேர்ந்தாற்போல் சும்மா உட்கார்ந்ததில்லை. எனக்கு இப்போது அந்த லீவும் கிடையாது, எல்லாம் நின்றுபோய் ஆறேழு வருஷம் ஆகிறது.

நான் அப்படிச் சிரித்த அந்த வருஷம், ஐப்பசிக் கடைசியில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ மெதுவாகக் கேட்டாய். "ரெண்டு பேரும் ஒரே நாள்ல லீவு சொல்லிருவமா?"

எனக்குப் புரைக்கேறிவிட்டது. ஆனால் யோசிக்க யோசிக்க அது நல்ல திட்டமாகத்தான் பட்டது. இந்த விஷயத்தில் ஆம்பளைகள் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள். மாலை போட்டிருந்தால் முகத்தையே திருப்பிக்கொள்வார்கள். ரெண்டு பேர் ஒரே அறையில் கிடக்க முடியாது, கடமலைக்குண்டில் உன் தம்பி வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்வது. உன் தம்பி பெண்டாட்டியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி வைப்பது. மூன்று நாளைக்குப் போடியிலிருந்து ஒரு சமையல் மாஸ்டரை வரவழைத்துக்கொள்வார்கள். நாம் நேராக வேறெங்காவது போய்விடுவது.

வேறெங்கே என்பதில்தான் ஒரு மாசம் போனது. சாப்பிட வருகிற ஒவ்வொருவரிடமும் அவர்கள் ஊரைப் பற்றி விசாரித்தோம். நான் ஒரு ஊரைச் சொன்னால் நீ உடனே கேட்பாய், "அங்கன கக்கூஸு கிட்டக்க இருக்குமா? பஸ்ஸு நடுவுல எங்கிட்டும் நிக்குமா?" ராமேஸ்வரம் சொன்னேன், அதே கேள்வி. மைசூர் சொன்னேன், அதே கேள்வி.

"ஊர் பாக்கப் போறோமா, கக்கூஸு பாக்கப் போறோமா?" என்று கேட்டேன். சாம்பார் வாளியை வைத்துவிட்டு நீயும் சிரித்தாய்.

கடைசியில் நீ சொன்னது தேக்கடி. ஒரு மணி நேரப் பயணம், போட்டில் போகலாம், நல்ல ரூம் கிடைக்கும் என்றாய். எனக்குக் கோபம் வந்துவிட்டது. குமுளி பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர் அத்தனை பேரும் நம் மெஸ்ஸில் தின்றவர்கள். தினம் பார்க்கிற மலைக்கு ஏறவா இத்தனை பொய் என்று கேட்டேன். எனக்குக் கடல் பார்க்க வேண்டும், கன்னியாகுமரிதான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பிறகு, "சரி, ஒன் இஷ்டம்" என்றாய். அந்த இடத்தில் நான் உன் முகத்தைப் பார்த்திருக்கலாம். அவரைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்கழி நடுவில் ஒரு வியாழக்கிழமை ரெண்டு பேரும் ஒரே மூச்சில் லீவு சொன்னோம். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்று சுவரிடம் சொன்னார். தேனி வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம்.

திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டில் நீ இறங்கிப் போனவள் வரவே இல்லை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னை முறைக்கிறார், பஸ்ஸில் எல்லாரும் முனகுகிறார்கள். நீ பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாய். "ஆடி அசஞ்சு வாரீகளே, மகாராணி" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நீ சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

கன்னியாகுமரியில் இறங்கினால் எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி. மலை இறங்கிய சாமிமார் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள். யாருக்குச் சமைப்பதிலிருந்து தப்பி வந்தோமோ அவர்களோடு லைனில் நின்று ரூம் கேட்டோம். ஒரு தெலுங்குச் சாமி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "கம்பம் மெஸ் அம்மா கதா? அந்த அம்மாதானே?" என்றார். "நான் அவ இல்ல சாமி" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். நீ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். அந்தப் பயணத்தில் நீ வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் காலை சூரியன் பார்க்க எழுப்பினேன். "நீ போய்ப் பாரு புள்ள. நான் சன்னல் வழியாப் பாத்துக்கிறேன்" என்றாய். சன்னலுக்கு எதிரே ஒரு தண்ணீர்த் தொட்டிதான் தெரிந்தது. "இதுக்குத்தான் இம்புட்டுத் தொலவு வந்தியா?" என்று சிடுசிடுத்துவிட்டுத் தனியாகப் போனேன். கடல் நன்றாகத்தான் இருந்தது. அலையில் காலை நனைத்துக்கொண்டு, வேர்க்கடலை தின்றுகொண்டு, வெயில் ஏறுகிற வரைக்கும் இருந்தேன். திரும்பி வந்தபோது நீ பாத்ரூமில் குத்தவைத்துச் சேலையை அலசிக்கொண்டிருந்தாய். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"பொய்யி சொன்னோம்ல, சாமி நெசமாக்கிருச்சு" என்றாய்.

அதற்கும் நான் சிரித்தேன் அக்கா. எத்தனை நாளாக என்று கேட்கத் தோன்றவில்லை. ஒரு வார்த்தைதான், கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய்.

மாசியில் மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அதே ஒரு வார்த்தையைக் கேட்டார்கள். "ஆவணியிலருந்து போகுதுங்கம்மா" என்றாய். நான் விரல்விட்டு எண்ணினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. அத்தனை மாசமும் என் பக்கத்தில் நின்று வடை தட்டியிருக்கிறாய், வாளி தூக்கியிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை என்று உன் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"சொன்னா மாடிக்கு அனுப்பிருவாக. நாள்கணக்கா நிக்காமப் போகுதுன்னா மெஸ்ஸ யாரு பாக்குறது? நீ ஒத்தையில என்னத்தச் செய்வ?" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "தீட்டோடதான் அவுகளுக்கு ஆக்கிப் போட்டேன். அவுக ரெண்டு பேரும் மலைக்குப் போய்ட்டு நல்லபடியாத்தான வந்தாக? ஒண்ணும் ஆகலைல்ல? யாருட்டயும் சொல்லிராத புள்ள."

உனக்கு வயிற்றில் வந்திருந்த நோயைப் பற்றி நீ ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. ஆனி முடிவதற்குள் போய்விட்டாய். பன்னிரண்டு வருஷமாக நான் யாரிடமும் சொல்லவில்லை. உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம் உண்டு. என் மேல் அதைவிட உண்டு.

இன்று மத்தியானம் கடைசிப் பந்தி எழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மலருக்குப் போன் போட்டேன். அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி போலிருக்கிறது, பின்னால் ஒரே சத்தம்.

"எடம் முடிவு பண்ணிட்டீகளா சித்தி?"

"அது கெடக்கட்டும். எத்தன நாளாப் போகுது?"

"என்னது சித்தி?"

"ஒனக்குத் தெரியும்ல என்னதுன்னு."

சத்தம் குறைந்தது. வராந்தாவை விட்டு எங்கோ தள்ளிப் போயிருப்பாள். "தீபாவளிக்கு முந்தியிருந்து. விட்டு விட்டு. வயசாகுதுல்ல, அப்பிடித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். யாரு சித்தி சொன்னா ஒங்ககிட்ட?"

"ஒங்கம்மாதான்" என்றேன்.

அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் மீறியாயிற்று. தேக்கடியையும் கன்னியாகுமரியையும் திருநெல்வேலி பஸ் ஸ்டாண்டையும் சொன்னேன். அவள் அழவில்லை, "அதோடயா சித்தி அம்மா சமைச்சாக?" என்று மட்டும் கேட்டாள். லீவு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், திங்கட்கிழமையே மதுரைக்குப் போகிறோம் என்றேன். மறுபேச்சுப் பேசாமல் சரி என்றாள்.

அடுத்து என் வீட்டுக்காரர். உன்னைப் பின்தொடர்ந்து உன் வீட்டுக்காரரும் போய்விட்டார், இப்போது மாலை போடுகிறவர் இவர் ஒருவர்தான். கல்லாவில் உட்கார்ந்து துளசி மாலையை உருட்டிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை நான் அடுப்படியில் இருக்கமாட்டேன் என்றேன். ஏன் என்றார். சாக்குச் சொல்லத் தெம்பில்லை அக்கா. மலருக்கு இப்படி, உனக்கு அப்படி இருந்தது, அந்த மார்கழி முழுக்க அப்படியேதான் சமைத்தாய் என்று நின்ற இடத்தில் சொல்லி முடித்தேன். எதையாவது தூக்கி எறிவார், குளிக்க ஓடுவார் என்று நினைத்தேன்.

மனிதர் மாலையை உருட்டுவதை நிறுத்தினார். ஒரு பஸ் வந்து நின்று கிளம்பிப் போய்விட்டது.

"மதினி கட்டிக் குடுத்த புளிச்சோத்தத்தான் அண்ணனும் நானும் வழியெல்லாம் தின்னோம்" என்றார். "அந்த வருசம் கெடச்ச தரிசனம் அப்புறம் எனக்குக் கெடைக்கவே இல்ல. அண்ணன் சாகுற மட்டும் அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாரு."

பிறகு திங்கட்கிழமைக்கு வண்டி சொல்ல எழுந்து போனார்.

ஒண்ணும் ஆகலைல்ல என்று நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். பன்னிரண்டு வருஷம் முன்பே கேட்டு வாங்கி உனக்குச் சொல்லியிருக்க வேண்டியது. உன் மகளுக்கு டாக்டர் என்ன சொல்வார்களோ தெரியவில்லை. எது சொன்னாலும் உள்ளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், கடல் பார்க்கப் போய்விடமாட்டேன்.