சன்னல் ஓரத்து மீன் தொட்டி

ஓடைப்பட்டி

அன்பு மகள் பவானிக்கு அப்பா எழுதுறது. இங்கன நாங்க எல்லாரும் உசுரோட, சொகமா இருக்கோம். அதை முதல்லயே சொல்லிப்புடுறேன், ஏன்னா மேல படிக்கப் படிக்க நீ போனைத் தேடுவ. அங்கன அயர்லாந்துல குளிரு எப்படி ஆத்தா, உனக்கு நெஞ்சுச்சளி விட்டுச்சா? ராத்திரி டூட்டிக்குப் போறப்ப காதை மூடிக்கிட்டுப் போ. உங்கண்ணன் விஜயபாண்டி எப்பவும் போல கோட்டயத்துக்குக் காய்கறி லோடு ஏத்திக்கிட்டுப் போறான் வாரான். உங்கம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. போன்ல எல்லாத்தையும் சொல்லலாம்தான், ஆனா நீ கூப்புடுறப்பல்லாம் தேனியில இருக்குற உன் மதினி அனுஷ்காவையும் போன்ல சேத்துக்கிட்டுத்தான் பேசுற. அது காதுல விழக்கூடாதுன்னுதான் இந்த லெட்டரு. உன் மீன் தொட்டி என்னாச்சுன்னு நீ கேட்டப்ப நான் பேச்சை மாத்துனேன்ல, அதைத்தான் இப்ப எழுதுறேன்.

நீ போகையில சொல்லிக் குடுத்தது ஒண்ணையும் நான் விடலை தாயி. பஞ்சாயத்துத் தண்ணியில பிளீச்சிங் பவுடர் போடுறாகன்னு, பிடிச்சு வாளியில ஒருநாள் வச்சுத்தான் ஊத்துனேன். தொட்டித் தண்ணியை மொத்தமா மாத்தாம கால்வாசிதான் மாத்துவேன். பில்டர் பஞ்சைக் குழாயில காட்டுனா நல்ல கிருமி செத்துப்போகும்னு சொன்னியே, அதை அந்தத் தொட்டித் தண்ணியிலயேதான் அலசுவேன். தீனியும் கண்ணு முன்னாடி தின்னு தீக்குற அளவுதான். கரண்டு போனா தண்ணி டியூப் வழியா, காத்தை இழுத்து உள்ள விடுற பம்புக்குள்ள ஏறிரும், பம்பு தொட்டிக்கு மேல இருக்கணும்னு சொன்னதால அதைச் சன்னல் கட்டையிலதான் வச்சிருந்தேன். அப்படியிருந்தும் போன மாசம் ஒருநாள் காலையில பாத்தா, அந்தக் கருப்பு மாலி மீனு மூக்கைக் கல்லுல குத்தி, வாலை மேல தூக்கிக்கிட்டு செங்குத்தா நிக்குது. சாகலை. நின்னபடியே நடுங்குது. பக்கத்துல ஏஞ்சல் மீனு பின்னுக்குப் பின்னுக்குப் போய்க் கண்ணாடியில முட்டுது, முட்டுனதும் மறுபடி ஆரம்பிக்குது. மத்தியானத்துக்குள்ள ரெண்டும் மல்லாந்துருச்சு. தண்ணி கெட்டிருக்கும்னு நீ குடுத்துட்டுப் போன, தண்ணியைச் சோதிக்குற சொட்டு மருந்தை ஊத்திப் பாத்தேன். அம்மோனியா இருந்தாப் பச்சையா மாறும்னு சொன்னீல்ல, அது மஞ்சளாவே நின்னுச்சு. தண்ணியில ஒரு தூசி தும்பு இல்லை, உள்ளாற தண்ணி இருக்குறதே தெரியாத அளவுக்குத் தெளிஞ்சு கெடக்கு. நல்ல தண்ணிக்குள்ள மீனு சாகுறதைப் பாக்குறது என்னமோ செய்யுது ஆத்தா. அழுக்குத் தண்ணியா இருந்திருந்தாக்கூட மனசு ஆறிப்போயிருக்கும்.

தேனிக்குப் போய்ப் புது மீனு வாங்கியாந்து விட்டேன். நாலு நாளு ஓடியாடுச்சு, அப்புறம் ஒரு காலையில அதுகளும் வட்டமடிக்க ஆரம்பிச்சிருச்சு. எல்லாம் ஒரே பக்கமாத்தான் சுத்துதுக. வாயைத் தொறந்தபடி, யாரோ நூலு கட்டிச் சுத்துற மாதிரி. எதுத்த வீட்டுச் சோணையம்மா வந்து பாத்துட்டு, வீட்டுக்குள்ள காத்து நொழைஞ்சிருக்கு, மாசமா இருக்குற புள்ளைக்கு வந்ததை மீனு வாங்கிக்கிருது, மீனு தீந்துபோனா அடுத்து என்னன்னு பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. உங்கம்மா அன்னைக்கே வேப்பங்குழையைக் கொண்டாந்து நிலையில சொருகிட்டா. அனுஷ்காவுக்கு அப்ப ஏழு மாசம். உன் ரூம்லதான் காத்து நல்லா வருதுன்னு தொட்டிக்குப் பக்கத்துல கட்டில் போட்டுப் படுத்துக்கிரும். அதுக்கும் ஒரு வாரமாவே தலைவலி, வாந்தி, வாயில எச்சி ஊறிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு மசமசன்னு தெரியுதுன்னுச்சு. புள்ளைத்தாச்சிக்கு அப்படித்தான் இருக்கும்னு பெரியாளுகல்லாம் சொன்னாக, நாங்களும் விட்டுட்டோம். ஒருநாள் அது என்கிட்ட, மாமா, இந்த மீனெல்லாம் சாகுறதுக்கு முன்னாடி என்னையத்தான் பாக்குதுகன்னு சொல்லுச்சு. அது விளையாட்டுக்குச் சொன்ன மாதிரியும் இல்லை, பயந்து சொன்ன மாதிரியும் இல்லை. 

அடுத்த வாரம் கரண்டு ஆபீசுல பராமரிப்புன்னு காலையிலயே நிறுத்திட்டாக. பம்பு ஓடலைன்னா மீனுக்கு மூச்சு முட்டுமேன்னு நான் ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணியை மோந்து மோந்து உசரத்துல இருந்து ஊத்திக்கிட்டே உக்காந்திருந்தேன். மிஞ்சுன மூணு மீனும் அன்னைக்குத்தான் ஒழுங்கா நீந்துச்சு, தீனி போட்டா மேல வந்து கொத்துச்சு. எனக்கு ஒரே சந்தோசம். அனுஷ்கா கட்டில்ல தூங்கிக்கிட்டிருந்துச்சு. வெளிய மலைச்சாமி சித்தப்பா திராட்சைத் தோட்டத்துல டிராக்டர் ஓடுற சத்தம், அது தெனமும் கேக்குறதுதான். கொஞ்ச நேரத்துல கரண்டு வந்துச்சு, பம்பு கொடகொடன்னு குமிழி விட்டுச்சு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன், செவப்பு மீனு ஒண்ணு உடம்பைச் சிலுப்புச்சு. அப்புறம் தலை கீழ போயி வாலு மேல வந்துச்சு. பின்னாடியே அடுத்ததும். மூச்சு குடுக்குற மிசினு ஓட ஆரம்பிச்சதும் சாகுதுகளேன்னு இருந்துச்சு. டியூப்பைத் தண்ணியில இருந்து உருவி மூக்குகிட்ட வச்சேன். அழுகுன பூண்டு நாத்தம், குப்புன்னு அடிச்சுச்சு. நிமிந்து சன்னலைப் பாத்தேன். திராட்சைப் பந்தலுக்கு அடியில ஆளே தெரியலை, வெள்ளையா ஒரு பொகை மட்டும் தவழ்ந்து வந்து, கொசுவலைக்குள்ள சத்தமே இல்லாம நொழைஞ்சு, கட்டிலு மேல எறங்கிக்கிட்டிருந்துச்சு. சோணையம்மா சொன்ன காத்து அதுதான் ஆத்தா.

அனுஷ்கான்னு கூப்புட்டேன், அசையலை. கடைவாயில நொரை, சேலை முழுக்க வேர்வையில நனைஞ்சு ஒட்டிக் கெடக்கு. நானும் உங்கம்மாவும் தூக்கி ஆட்டோவுல போட்டு சின்னமனூர் போயி, அங்கன ஊசி போட்டு ஆம்புலன்சுல தேனிக்கு அனுப்புனாக. டாக்டரம்மா கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்தாக, கண்ணுமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்துச்சு. தோட்டத்து மருந்து எதுவும் பட்டுச்சான்னு கேட்டாக. அது தோட்டத்துப் பக்கமே போகலைம்மா, வீட்டுல மீனுதான் செத்துச்சுன்னு சொன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாக. பம்பையும் சன்னலையும் சொன்னப்புறம், புரிஞ்சுபோச்சுன்னு உள்ள ஓடுனாக. உங்கண்ணன் லோடை எறக்கக்கூட நிக்காம வந்து சேந்தான். மறுநா விடியக்காலையிலதான் அது கண்ணைத் தொறந்து தண்ணி கேட்டுச்சு. புள்ளை நெஞ்சுத்துடிப்பை மிசினு வச்சுக் கேக்கவிட்டாக. நல்லாத்தான் இருக்கு, ஸ்கேன்லயும் கொறை ஒண்ணுமில்லைன்னு சொன்னாக.

மலைச்சாமி ஆஸ்பத்திரிக்கு வந்து வாசல்லயே நின்னுட்டான். பந்தலை நீட்டுறதுக்காக வேலியோரத்துல காத்தை மறிச்சு நின்ன அகத்தி மரங்களை வெட்டுனது, மருந்தைக் கையில அடிச்சதை விட்டுட்டு மூடுபனி மாதிரி அடிக்கிற புது மிசினு வாங்குனது ரெண்டும் இந்த வருசம்தான். அண்ணே, எலைக்குத்தான் அடிக்கிறேன்னு நெனச்சேன், உங்க வீட்டுக்குள்ள வரும்னு தெரியாதேன்னு அழுதான். எனக்குக் கோவந்தான், ஆனா அவன் பொண்டாட்டி புள்ளைகளும் அதே காத்தைத்தானே குடிக்குதுக, அதைச் சொன்னதும் அவன் மொகம் வெளுத்துப் போச்சு. இப்ப நம்ம பக்கத்து வரிசைகளுக்குக் கையிலதான் அடிக்கிறான், அதுவும் முன்கூட்டியே சொல்லிட்டு. திரும்ப அகத்தி ஊண்டியிருக்கான்.

உன் ரூமைக் கழுவிவிட நானும் உங்கம்மாவும் போனோம். காலண்டரைக் கழட்டுனா பின்னாடி பல்லிக, பெருசும் சிறுசுமா, செவுத்துல ஒட்டுனபடியே காஞ்சு கெடக்குதுக. ஒட்டடையில சிலந்தி காலை மடக்கித் தொங்குது. ஒரு எறும்பு இல்லை. இந்த வருசம் வீட்டுல கொசுவே இல்லை, கையெடுத்துக் கும்பிடணும்னு நாங்கதான் வாரவுகள்ட்டல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டிருந்தோம். உங்கம்மா வெளக்கமாத்தைக் கீழ போட்டுட்டு வெளிய போயிட்டா. நான் தனியா நின்னு கழுவுனேன். அந்த ரூம்புல உசுருன்னு மிச்சம் இருந்தது நம்ம அனுஷ்கா ஒண்ணுதான்.

நீ மனசைப் போட்டு ஒழப்பிக்காத. பம்பை மேல வைக்கச் சொன்னது சரிதான், தப்பு உன்மேல இல்லை. மலைச்சாமி மேல முழுசாப் போடவும் எனக்கு மனசு வரலை. தொட்டியைக் கழுவிக் கவுத்து வச்சுட்டேன். அனுஷ்கா இப்ப தேனியில அவுக அம்மா வீட்டுல இருக்கு, உங்கண்ணன் போய்ப் பாத்துட்டு வாரான். நல்லாச் சாப்பிடுது, நல்லாத் தூங்குது. வெளிய எங்கனயாச்சும் மோட்டார் சத்தம் கேட்டா மட்டும் ரெண்டு கையையும் வயித்து மேல வச்சுக்கிட்டு, சத்தம் நிக்கிற வரைக்கும் மூச்சை இழுத்து அடக்கிக்கிருதாம். அவுக அம்மா போன்ல சொல்லி அழுதாக.

நீ அனுஷ்காகிட்டப் பேசுறப்ப பேரு வைக்கிறதைப் பத்திப் பேசு, சேலை கலரைப் பத்திப் பேசு. மீனைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை கேட்டுறாத. சுருளி வேலப்பர் உனக்குத் தொணை இருப்பாரு, நீ நோய்நொடி இல்லாம நூறு வருசம் இருக்கணும். நீ படுக்குற ரூம்பு சன்னலுக்கு அந்தப்பக்கம் என்ன இருக்குன்னு ஒருதரம் போய்ப் பாத்துட்டு எனக்கு எழுது.

உன் அப்பா,
ஈஸ்வரபாண்டி