அலை நிற்கும் என்று நான் சொன்ன நாள்

இன்று காலை உன் மனைவி அனுப்பிய பொட்டலம் வந்தது. உள்ளே உள்ளங்கையளவு எஃகுத் துண்டு. ஒரு விளிம்பு உருகி வழிந்து இறுகியிருந்தது. உன் மேசையில் வைத்திருந்தாயாம். நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கூடவே ஒரு சீட்டு. நல்ல வார்த்தை என்னிடம் இல்லை. இருப்பதை எழுதுகிறேன்.

ஏனாத்தூர் கல்லூரிக்கு பஸ் நெரிசலில் நின்று போய் இயற்பியல் படித்த நாம் இருவரும், வடக்கே ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். எந்தப் பாத்திரமும் தாங்காத சூட்டில் உள்ள பிளாஸ்மாவை, சுவரில் படாமல் காந்தப்புலத்தால் பிடித்து வைப்பது நம் வேலை. ஒவ்வொரு சோதனை ஓட்டமும் கண்ணிமைக்கும் நேரம்தான். கருவியை இயக்குவது நீ. பிளாஸ்மாவில் எழுந்து சுற்றிவரும் அலைகளைத் திரையில் பார்ப்பது நான்.

அன்று சொன்னேன். "மின்னோட்டத்த ஏத்தாதபா. போன ஓட்டத்துலயே அலை சுத்தறது கொறஞ்சிக்கினு வந்துச்சு. நின்னுச்சுன்னா பிடி உட்டுடும்."

"நீ பயந்துக்கினே இரும்மா. பெரிய ஆளுங்க பாக்க வந்திருக்காங்க."

ஏற்றினாய். அலை நின்றது. பிளாஸ்மா பிடியை உதறிச் சுவரில் பாய்ந்து எஃகை உருக்கியது. அந்த அதிர்வு தரை வழியாக என் காலில் ஏறியது. கருவி மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

விசாரணையில், "எச்சரிக்கை எதுவும் வரல சார்" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. எச்சரிக்கத் தவறினேன் என்று என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். நீயோ என் பதிவுகளை வைத்தே, அலை நிற்பதை முன்கூட்டி அறிவது பற்றிக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கினாய்.

போன மாதம் நீ படுத்திருந்த காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு நான் வந்தது அனுதாபத்தில் அல்ல; உன் வாயால் உண்மையைக் கேட்கத்தான். உன் மனைவி காபி வாங்கப் போன நேரத்தில் மெல்லச் சொன்னாய்.

"அன்னிக்கு நீ சொன்னது காதுல உழுந்துச்சும்மா."

"அவங்க வந்ததும் அவங்க எதிர்ல இதச் சொல்லு."

அவர் வந்தார். காபி சூடாக இருக்கிறதா என்று கேட்டாய். நான் எழுந்து போய்விட்டேன்.

நீ போன பிறகும் கோபம் ஆறவில்லை. சில வருடங்களுக்கு முன்பே ஊர்ப்பக்கம் திரும்பிவிட்ட நான், இப்போது சிறிய கருவி ஒன்றை இயக்குகிறேன். நேற்று புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "வேணாம் மேடம், எனக்கு என்னமோ சரியா படல" என்றாள். உடனே நிறுத்தினேன். சோதித்ததில் கோளாறு எதுவும் இல்லை. ஒரு நாள் வீண். அவள் முகம் வாடியது. "இருக்கட்டும்மா, அடுத்த தபாவும் சொல்லு" என்றேன். அவள் சொன்னதை அவள் பெயரோடு பதிவேட்டில் எழுதினேன். எழுதும்போது பேனாவை அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது. உன்னை நினைத்துத்தான்.