விசில்காரி பூட்டிய ஏசி

என் கண்ணுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் கார் எங்கள் இரண்டு பேரையும்விடச் சுகம். நீ சுகமா என்பதை நீயே எழுது, அடுத்தவர் சொல்லிக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். என் ரிப்பேர் கடையில் வேலைக்குக் குறைவில்லை, வெயில் ஏறியதும் ஊரிலுள்ள ஃபிரிட்ஜெல்லாம் பேசிவைத்துக்கொண்டது மாதிரி ஒரே நேரத்தில் மக்கர் பண்ணுகின்றன.

அப்பாவின் அந்த இரண்டு சீட் பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறதே, அதன் எஞ்சின் இறுகிப்போய் போன வருஷம் வேறொரு புதுக் காரின் எஞ்சினை அதற்குள் இறக்கினார் என்று சொன்னேன் அல்லவா. அது ஓடத் தொடங்கியதும் அதற்கு ஏசி போட வேண்டும் என்று பிடிவாதம். மூன்று முறை என்னிடம் கேட்டார். மூன்று முறையும் நான், "அந்த ஓட்டை டப்பாவுக்கு ஏசி ஒண்ணுதான் கேடு" என்று சொல்லிவிட்டுக் கையிலிருந்த வேலையைப் பார்த்தேன். நாலாவது முறை கேட்பார், அப்போது செய்து கொடுத்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. அவர் நாலாவது முறை கேட்கவில்லை. நேராக விசில்காரியிடம் போய்விட்டார். ஒரே பட்டறையில் என்னோடு தொழில் கற்று, வேலை செய்யும்போதெல்லாம் விசிலடித்துக்கொண்டிருப்பாளே, அவளேதான். சின்ன வயதில் நீ அவளைச் சித்தி சித்தி என்று கூப்பிட்டாய், அன்றைக்கே உன் வாயை அடக்கியிருக்க வேண்டும். ஒரு மாதம் தினமும் அவள் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்தார். சாப்பிடும்போதுகூட "அவ கை இருக்கே, அது கையில்ல" என்று பாராட்டு. முப்பது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிற என் கை அவர் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு அவரும் விசிலடிக்கப் பழகிவிட்டார்.

கார் வீட்டுக்கு வந்த அன்று என்னை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினார். முழங்கால் சில்லிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்டார், பரவாயில்லை என்றேன். மறுநாள் காலை அவர் குளிக்கப் போன சமயம் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன், எங்காவது கேஸ் கசிந்தால் நுரை காட்டிக் கொடுத்துவிடும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், குற்றம் கண்டுபிடிக்கத்தான் திறந்தேன். அந்த எஞ்சினில் கம்ப்ரசர் இருக்க வேண்டிய இடத்தில் இந்தக் காரின் ஸ்டியரிங் கம்பி குறுக்கே போகிறது. அவள் தடித்த தகட்டில் புதிதாக ஒரு பிராக்கெட் வெட்டி, கம்ப்ரசரை மறுபக்கம் தூக்கி வைத்திருந்தாள். பெல்ட் நூல் பிடித்தது மாதிரி நேராக ஓடுகிறது. டேஷ்போர்டுக்குள் இடமே இல்லை என்று சாமான் வைக்கும் பெட்டியைக் கழற்றிவிட்டு அந்தக் குழிக்குள் கூலிங் காயிலைப் பொருத்தியிருந்தாள். எனக்குக்கூடத் தோன்றியிருக்காது. ஒவ்வொரு மூட்டாகச் சோப்புத் தடவினேன், ஒன்றில்கூட ஒரு குமிழி வரவில்லை. வயிறு பற்றி எரிந்தது. ஸ்பானரை எடுத்து ஒரு நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம், மெல்ல நுரைத்தது. துடைத்துவிட்டு, பானெட்டை மூடிவிட்டு, உள்ளே வந்து காப்பி போட்டேன்.

உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரத்தான் அப்பா ஏசிக்கு அவ்வளவு அவசரப்பட்டார் என்பது தெரியாது. நான் நட்டைத் தளர்த்திய மூன்றாம் நாள் போய் அழைத்துவந்தார். பாதி வழியிலேயே சூடான காற்று அடிக்க, கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்தப் புழுதியில் வந்திருக்கிறார்கள். கட்டுப் போட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட அத்தை இறங்கியதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தேன். மறுநாள் டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார், பயப்படாதே. ஆனால் அந்த ஒரு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விசில்காரியை அப்பா வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டார். வந்தாள், பானெட்டைத் திறந்தாள், நேராக அந்த நட்டில் விரலை வைத்தாள், தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம், "என் தப்புதாங்க, சரியா முடுக்காம விட்டுட்டேன்" என்றாள். பெருந்தன்மையிலும் அவளே ஜெயித்துவிட்டுப் போவதா? பொறுக்கவில்லை. "அவ சரியாத்தான் முடுக்கினா, தளர்த்தினது நான்" என்று சொல்லிவிட்டேன். அப்பா விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். இன்றைக்கு ஐந்து நாள், இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தைதான், "விடுடா, அவளே ஒத்துக்கிட்டா இல்ல" என்று எனக்காகப் பரிந்து பேசுகிறார்.

நான் ஒத்துக்கொண்ட அன்றைக்கே நானும் விசில்காரியும் சேர்ந்து அந்த மூட்டின் ரப்பர் வளையத்தை மாற்றிக் கேஸ் ஏற்றினோம். மீட்டரைப் பிடித்துக்கொண்டே, "உன் பொண்ணு வேலையை விட்டு ரெண்டு மாசமாச்சே, ஏதாச்சும் கெடைச்சுதா?" என்று கேட்டாள். எனக்கு நீ சொல்லவே இல்லை. தேடிக்கிட்டுதான் இருக்கா என்று, தெரிந்தவள் மாதிரிப் பொய் சொன்னேன். வாரம் ஒருமுறை அவளோடு போனில் பேசுகிறாயாம், ஒரு மணி நேரம். என்னிடம் நாலு நிமிஷம், சாப்பிட்டாயா தூங்கினாயா. அந்த நட்டைப் பார்த்து எரிந்ததெல்லாம் எரிச்சலே இல்லையடி, இதுதான் எரிச்சல். யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்குச் சொன்ன மாதிரி உனக்கும் வெடுக்கென்று ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்திருப்பாய். சொல்லியிருப்பேன்தான். ஆனாலும் சொல்லு. திட்டுவேன், திட்டி முடித்ததும் உன் பக்கம்தான் நிற்பேன், அது எவளாலும் முடியாது.

வேலை கிடைக்கும், மனதை விடாதே, தெம்பாக இரு, தீர்க்காயுசாக இரு. வேளைக்குச் சாப்பிடு. உன் அறை ஏசியின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவு, அடைத்துக்கொண்டால் கம்ப்ரசர் போய்விடும், வழி தெரியாவிட்டால் என்னைக் கேள். வேறு யாரையும் கேட்காதே.

இப்படிக்கு,
நீ முதலில் கூப்பிட வேண்டிய
அம்மா